கேஸ் கீஸர் பற்றவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

மார்கழி பிறந்துவிட்டால் என் போன் ஓயாது. வட சென்னையில் காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர் என்று ஒரே நாளில் நாலைந்து வீடு ஏறி இறங்குவேன். மாசியில் மூடி வைத்த கேஸ் கீஸரை, பேரப்பிள்ளை வந்திருக்கிறது, அம்மாவுக்கு மூட்டுவலி என்று ஒரு நாள் காலையில் திறப்பார்கள். பற்றாது. திரையில் ஆங்கில ‘இ’ எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும் மின்னும். உடனே யாராவது ஒருவர் ‘போர்டு போயிடுச்சு’ என்று சொல்லிவிடுவார். நான் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பேட்டரி. அது இல்லையென்றால் தண்ணீர் அழுத்தம். அதுவும் இல்லையென்றால் சிலிண்டர். கீஸரை இயக்கும் அந்த மின்னணு அட்டை, நல்ல போர்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசுக்குக் காசு கொடுத்த வீடுகளைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

இது சுவரில் மாட்டுகிற, எல்பிஜி சிலிண்டரில் ஓடுகிற, இரண்டு பெரிய பேட்டரிக் கட்டை போடுகிற கீஸருக்கு. கரண்ட் கீஸருக்குப் பொருந்தாது.

எண்களைப் பற்றி ஒன்று. பல மாடல்களில் இ0 என்றால் வெப்ப சென்சார், இ1 என்றால் தீ பற்றவில்லை, இ2 என்றால் இல்லாத தீயை இருப்பதாகக் கருவி நினைக்கிறது, இ4 என்றால் அளவு மீறிய சூடு. ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூடவே வந்த புத்தகத்தில் பட்டியல் இருக்கும், சில மாடல்களில் உறையின் உட்புறமும் ஒட்டியிருக்கும். அதோடு ஒத்துப் பாருங்கள். எண்ணைவிட, குழாயைத் திறந்ததும் என்ன நடக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கீழே தலைப்புகளை அப்படித்தான் பிரித்திருக்கிறேன்.

## முதலில் இது: குளித்துவிட்டு வந்தால் தலைவலி, தழல் மஞ்சள், உறையில் கரி

இந்தக் கோளாறுக்கு எண் வராது. கீஸர் நன்றாக ஓடும். ஆள்தான் விழுவார்.

கொருக்குப்பேட்டையில் ஒரு வீட்டுக்கு ‘தண்ணி சரியா சூடாகலண்ணா’ என்று கூப்பிட்டார்கள். நாலுக்கு ஐந்தடி குளியலறை, உள்ளேயே கீஸர். காற்று போக இருந்த ஒரே ஜன்னலையும் கொசு வருகிறதென்று பிளாஸ்டிக் ஷீட் வைத்து அடைத்திருந்தார்கள். உறையைக் கழற்றினால், செம்புத் தகடுகளுக்கு நடுவே விரல் நுழைத்தால் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் கரி. பேச்சோடு பேச்சாக அந்த அக்கா சொன்னார்: ‘பொண்ணு குளிச்சிட்டு வந்தாலே தலை சுத்துதுன்றா, வெறும் வயித்துல குளிக்கிறதால இருக்கும்னு வுட்டுட்டோம்.’ நான் கீஸரைச் சரிசெய்யவில்லை. ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, பின்பக்கச் சந்துச் சுவரில் மாட்ட இடம் பார்த்தேன்.

தீ எரியக் காற்று போதவில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தலைவலி, குமட்டல், கால் தளர்ச்சி, பிறகு மயக்கம். கதவைத் தாழிட்டுக் குளிப்பவருக்கு எழுந்து வந்து திறக்கத் தெம்பு இருக்காது.

பார்க்க வேண்டியவை: தழல் நீலமாக, ஒழுங்காக நிற்க வேண்டும். நுனி மஞ்சளாக ஆடினால் அன்றே நிறுத்துங்கள். பல மாதம் சும்மா கிடந்த கீஸரில் பர்னரின் காற்றுத் துளையில் தூசியும் சிலந்திக் கூடும் அடைத்திருக்கும். மெக்கானிக் பர்னரைக் கழற்றி பிரஷ் போட்டால் அது தீரும். ஆனால் கீஸர் குளியலறைக்குள் இருந்தால், தழல் நீலமாக இருந்தாலும் வெளியே மாற்றுங்கள். சூடான தண்ணீர்க் குழாய் மட்டும் உள்ளே வந்தால் போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டிருக்கிறோமே என்பார்கள். மூடிய அறையில் ஃபேன் இழுக்கும்போது, மேலே போக வேண்டிய புகை கீஸருக்குள்ளேயே திரும்பி இறங்கலாம். அதை நம்பி இருக்கக் கூடாது.

யாராவது மயங்கினால் கதவை உடைத்து வெளிக்காற்றுக்குத் தூக்கி வாருங்கள், குழாயை மூடுங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். ‘கேஸ் கீஸர் வைத்த ரூமில் இருந்தார்’ என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

## கேஸ் வாசனை அடிக்கிறது

ஸ்விட்ச் எதையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னல்களைத் திறங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும்; மூக்குக்கு வாசனை குறைந்ததும் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906.

வாசனை முழுக்கப் போன பிறகு, இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, ரெகுலேட்டரைத் திறந்து பாருங்கள். குமிழி கிளம்பினால் கசிவு அங்கேதான். தீக்குச்சி காட்டிப் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபின் மேல் காலாவதி அச்சிட்டிருக்கும், 5 வருஷம்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய ரெகுலேட்டரைத் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்ட வீடுகளை நான் பார்த்தேன். உள்ளே சேறு புகுந்த ரெகுலேட்டர் எப்படி வேலை செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஏஜென்சியில் கொடுத்து மாற்றுங்கள்.

## குழாயைத் திறந்தால் சத்தமே இல்லை, திரையும் இருட்டு

பேட்டரி. வேறெதையும் யோசிப்பதற்கு முன்னால் பேட்டரி.

பெரிய டார்ச் கட்டை இரண்டு, ஒவ்வொன்றும் 1.5 வோல்ட், சேர்ந்து 3. மல்டிமீட்டரில் இரண்டும் சேர்ந்து 2.5-க்குக் கீழே காட்டினால் மாற்றுங்கள். ஒன்று பழசு ஒன்று புதுசு என்று கலக்காதீர்கள். ஆல்கலைன் கட்டை வாங்குங்கள். சார்ஜ் ஏற்றும் கட்டை ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான்; புதுசாகவே இரண்டுக்கும் 2.4 ஆகிவிடுகிறது.

புதுக் கட்டை போட்டும் உயிர் வரவில்லையா? பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கைப் பாருங்கள். காசிமேட்டில் ஹார்பர் பக்கம் ஒரு மூன்றாம் மாடி. மொட்டை மாடிக் கதவுக்குப் பக்கத்தில் கீஸர், நாள் முழுக்க உப்புக் காற்று. அந்த வீட்டுத் தம்பி மூன்று தடவை கட்டை மாற்றிவிட்டு, புது கீஸருக்கு விலை விசாரித்து வைத்திருந்தான். மூடியைத் திறந்தால், ஸ்பிரிங் சுருள் ஒவ்வொன்றின் மேலும் பச்சைக் களிம்பு, தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தது. உப்புத்தாள் வைத்து உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்தேன், ஒயர் முனையையும் சுரண்டினேன். குழாயைத் திறந்ததும் ‘டிக் டிக்’. பத்து நிமிட வேலை. கடலோரம் இருப்பவர்கள் கீஸரை நிறுத்தும் மாதங்களில் கட்டையைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பிரிங்கில் லேசாக வாஸலீன் தடவி வையுங்கள்.

## திரை எரிகிறது, ஆனால் ‘டிக் டிக்’ வரவில்லை

தண்ணீர் போதவில்லை என்று கீஸர் நினைக்கிறது. தண்ணீர் போகும் வேகம்தான் உள்ளே ஒரு ரப்பர் தகட்டைத் தள்ளி, மைக்ரோ ஸ்விட்சைத் தட்டி, எல்லாவற்றையும் தொடங்கி வைக்கிறது.

ஒரு லிட்டர் பாட்டிலை வெந்நீர்க் குழாய்க்கு அடியில் வைத்து விநாடி எண்ணுங்கள். 20 விநாடிக்குள் நிரம்பினால் நிமிடத்துக்கு 3 லிட்டர், நல்லது. 30 விநாடி தாண்டினால் கோளாறு தண்ணீரில்தான்.

முதலில் ஷவர் தலையைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் துளைகள் வெள்ளையாக அடைத்துக்கொள்ளும். அடுத்து, கீஸருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் நட்டைக் கழற்றினால் சின்ன வலை ஒன்று இருக்கும். அதில் மணலும் டேங்க் பாசியும் சேர்ந்திருக்கும், பழைய பல் பிரஷ் போதும். புதிதாக மாட்டியதிலிருந்தே ஓடவில்லை என்றால், தண்ணீர் உள்ளே வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் மாறியிருக்கிறதா பாருங்கள். நான் சில வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஓடாத வீடுகள் பெரும்பாலும் கடைசி மாடி வீடுகள். பத்து மீட்டர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தம். உங்கள் கீஸர் உறையில் குறைந்தபட்ச அழுத்தம் 0.25 பார் என்று எழுதியிருந்தால், டேங்குக்கும் குழாய் வாய்க்கும் இரண்டரை மீட்டர் உயர வித்தியாசம் வேண்டும். மொட்டை மாடித் தரையிலேயே டேங்க் உட்கார்ந்திருந்தால், அது உங்கள் தரையிலிருந்து மூன்று மீட்டர் சொச்சம். ஷவர் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மிச்சம் ஒரு மீட்டர்தான். அதே வீட்டில் கீழே பக்கெட் வைக்கும் குழாயைத் திறந்தால் வித்தியாசம் இரண்டரை மீட்டரை நெருங்கும், கீஸர் பற்றும். அதனால் கடைசி மாடிக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது, ஷவரை விட்டுவிட்டுப் பக்கெட்டில் பிடித்துக் குளியுங்கள் என்பதே. காசு செலவில்லை. அடுத்தது டேங்குக்கு ஒரு ஸ்டாண்ட். பிரஷர் பம்பு கடைசி.

அழுத்தமும் இருக்கிறது, வலையும் சுத்தம், இன்னும் வரவில்லை என்றால் ரப்பர் தகடு கிழிந்திருக்கலாம் அல்லது மைக்ரோ ஸ்விட்ச் களிம்பேறியிருக்கலாம். இரண்டும் விலை குறைந்த சாமான்கள். மைக்ரோ ஸ்விட்ச் ரிச்சி தெருவில் கிடைக்கும். ரப்பர் தகட்டை மாற்ற வாட்டர் வால்வைப் பிரிக்க வேண்டும், பழகாதவர்கள் கை வைக்க வேண்டாம்.

## ‘டிக் டிக்’ வருகிறது, பற்றவில்லை, இ1

எனக்கு வரும் போன்களில் அதிகம் இதுதான். வரிசை மாறாமல் பாருங்கள்.

சிலிண்டர் வால்வும் ரெகுலேட்டர் குமிழும் திறந்திருக்கிறதா? சிலிண்டர் இன்றுதான் மாற்றினீர்களா? அப்படியென்றால் டியூபுக்குள் காற்று நிற்கும். குழாயைத் திறந்து மூடி, ஒவ்வொரு முறைக்கும் நடுவே சிறிது நேரம் விட்டு, நாலைந்து முறை முயலுங்கள்.

‘அடுப்பு நல்லா எரியுதே’ என்று சொல்வார்கள். அடுப்பை வைத்துக் கீஸரை எடைபோட முடியாது. நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி ஏற்ற பத்து கிலோவாட்டுக்கு மேல் சூடு வேண்டும். அடுப்பின் பெரிய பர்னர்கள் நாலைச் சேர்த்து எரிப்பதற்குச் சமம். 14.2 கிலோ சிலிண்டர் தீரும் தறுவாயில் அடுப்புக்கு இரண்டு மூன்று நாள் வரும், கீஸருக்கு வராது. சிலிண்டரைத் தூக்கிப் பாருங்கள், முடிந்தால் வேறு நிறைந்த சிலிண்டரில் போட்டுப் பாருங்கள். ஒரே சிலிண்டரில் ‘டி’ இணைப்பு போட்டு அடுப்புக்கும் கீஸருக்கும் பிரித்திருந்தால் இ1 வந்துகொண்டே இருக்கும், பாதுகாப்பும் இல்லை. கீஸருக்குத் தனி சிலிண்டர், தனி ரெகுலேட்டர்.

டியூப் சுவருக்கும் சிலிண்டருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இனி பேட்டரி. ‘டிக் டிக்’ வருவதால் பேட்டரி நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். பொறி கிளம்பக் குறைந்த சக்தி போதும். கேஸைத் திறந்துவிடும் சோலினாய்டு வால்வுக்கு அதைவிடக் கூடுதல் வேண்டும். கட்டை மாற்றியதும் ‘டிக் டிக்’கோடு சேர்ந்து ‘க்ளக்’ என்று ஒரு சத்தம் கேட்கிறதா? அதுதான் வால்வு திறக்கும் சத்தம். அது கேட்காவிட்டால் கோளாறு சோலினாய்டில், அல்லது பொறி கிளப்பும் இக்னைட்டர் பெட்டியில்.

‘க்ளக்’ கேட்கிறது, கேஸ் வருகிறது, பற்றவில்லை என்றால் கண்ணாடித் துளை வழியாகப் பொறியைப் பாருங்கள். பொறி கிளப்ப ‘பின்’ என்று பீங்கான் பிடிக்குள் ஒரு கம்பி இருக்கும். அந்தப் பின்னின் முனைக்கும் பர்னருக்கும் நடுவே, நாலைந்து மில்லிமீட்டர் இடைவெளியில் நீலமாகப் பாய வேண்டும். பீங்கான் விரிசல் வழியாகவோ ஒயர் வழியாகவோ வேறெங்கோ பாய்ந்தால் பின்னை மாற்ற வேண்டும். இதுவரை வந்தும் தீரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவரே வந்து முதல் வார்த்தையாக ‘போர்டு’ என்று சொன்னால், பேட்டரி வோல்ட் எவ்வளவு, வேறு சிலிண்டரில் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

## பற்றுகிறது, சில விநாடியில் அணைகிறது

தீ இருக்கிறதென்று போர்டுக்குச் சொல்ல இன்னொரு பின் இருக்கிறது. அதில் கரியோ உப்போ படிந்தால் தீ எரியும்போதே ‘தீ இல்லை’ என்று அணைத்துவிடும். கேஸை மூடி, கட்டையைக் கழற்றி, சூடு ஆறிய பிறகு மெல்லிய உப்புத்தாளால் பின்னைத் துடையுங்கள், வளைக்காதீர்கள். அதன் ஒயர் தளர்ந்திருக்கிறதா, கீஸரின் உலோக உடலோடு சேரும் எர்த் ஒயரின் திருகு துருவேறியிருக்கிறதா என்று பாருங்கள். கடலோர வீடுகளில் அந்தத் திருகுதான் பாதி வழக்கு.

சில கீஸர்கள் அறையில் ஆக்ஸிஜன் குறைந்தால் தானே அணைந்துவிடும். கதவைத் திறந்து வைத்தால் ஓடுகிறது, மூடினால் அணைகிறது என்றால் கீஸர் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. முதல் தலைப்புக்குத் திரும்பிப் போங்கள். அந்த சென்சாரை நேராக இணைத்து ஓட வைத்துத் தருகிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள்.

20 நிமிடம் கழித்துச் சரியாக அணைந்தால் அது கோளாறே இல்லை. பல மாடல்களில் அப்படி நேரம் வைத்திருக்கிறார்கள். குழாயை மூடித் திறந்தால் மறுபடி பற்றும்.

## குழாயை மூடியும் தீ நிற்கவில்லை, அல்லது இ2

உடனே சிலிண்டரை மூடுங்கள். தண்ணீர் ஓடாமல் தீ எரிந்தால் செம்புக் குழாய்க்குள் நீராவி கட்டும். மைக்ரோ ஸ்விட்சோ அதைத் தள்ளும் கம்பியோ உப்பேறிச் சிக்கியிருக்கும், அல்லது கேஸ் வால்வு முழுதாக மூடவில்லை. நீங்களே செய்யும் வேலை இதில் எதுவும் கிடையாது.

வெறும் இ2 மட்டும் வந்து தீ எதுவும் தெரியாவிட்டால், தீயை உணரும் பின் ஈரத்தினாலோ கரியினாலோ உடலைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். மழைச் சாரல் அடித்த மறுநாள் இது வரும். காய விட்டுப் பாருங்கள்.

பற்றும்போது ‘டப்’ என்று வெடித்தாலும் ஆபத்துதான். கேஸ் சேர்ந்த பிறகு தாமதமாகப் பற்றுகிறது. புதுக் கட்டை போட்டும் ‘டப்’ நிற்கவில்லை என்றால் ஓட்டாதீர்கள்.

## கொதிக்கக் கொதிக்க வருகிறது, அல்லது வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை, இ4, இ0

கொதித்து இ4 வந்தால் தண்ணீர் குறைவாகப் போகிறது. பாட்டில் சோதனையைச் செய்யுங்கள், கேஸ் குமிழைக் குறையுங்கள். வெதுவெதுப்புதான் என்றால் நேர்மாறு: தண்ணீர்க் குமிழைக் குறைத்துக் கேஸைக் கூட்டிப் பாருங்கள்.

இரண்டுக்கும் நடுவே ஒரு பொதுக் காரணம் உண்டு, உப்புப் படிவு. காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-ல் வந்தது. ஆனாலும் மெட்ரோ தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரையும் அதே சம்பில்தானே விடுகிறோம்? அந்த உப்பு செம்புக் குழாய்க்குள் ஓடு கட்டுகிறது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, சின்னப் பம்பு வைத்துக் குழாய்க்குள் ஒரு மணி நேரம் சுற்ற விட்டு, பிறகு நல்ல தண்ணீரில் அலசினால் ஓடு கரையும். போர் தண்ணீர் வீடுகளுக்கு வருஷம் ஒரு முறை. கழிவறை ஆசிட்டை ஊற்றாதீர்கள், செம்பையும், அதை ஒட்டிப் பற்றவைத்த இணைப்புகளையும் சேர்த்துத் தின்றுவிடும்.

இ0 வந்தால் சென்சார் ஒயரின் பிளக்கைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். தீராவிட்டால் சென்சார் மாற்ற வேண்டும், பெரிய செலவில்லை.

## ஒழுகுகிறது

நட்டு இணைப்பில் சொட்டினால் வாஷர். குளித்து முடித்தபின் கொஞ்ச நேரம் சொட்டிவிட்டு நின்றால், உள்ளே தங்கிய தண்ணீர், விட்டுவிடலாம். உறைக்குள்ளிருந்து, எரியும்போதும் அணைந்தபிறகும் விடாமல் சொட்டினால் தண்ணீரைச் சூடாக்கும் செம்புப் பெட்டியில் ஓட்டை. ஒரு முறை ஓட்டையை உலோகப் பற்று வைத்து அடைக்கலாம். அதே பெட்டியில் இரண்டாம் ஓட்டை விழுந்தால் நான் கை வைப்பதில்லை. உப்பு எல்லா இடத்தையும் ஒன்றாக அரித்திருக்கும், அடுத்த மாதம் வேறிடத்தில் விழும். புதுசு வாங்கும்போது ஐஎஸ் 15558 என்ற எண்ணோடு ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா பாருங்கள், உங்கள் மாடி உயரத்துக்கு ஏற்ற குறைந்தபட்ச அழுத்தம் உறையில் போட்டிருக்கிறதா பாருங்கள், மாட்ட வருபவரிடம் குளியலறைக்கு வெளியே உள்ள சுவரைக் காட்டுங்கள்.